நீண்டநாள் லித்தியம் கொடுத்த ஆண் எலி: விறைப்பு குறைந்தால் பழி டோபமைன் மேல்தானா?

கடைசிபெஞ்ச்:
எல்லோருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு, மருந்தியல். ப்ராஜெக்ட் தலைப்பு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ஆண் எலிகளுக்கு, பைபோலார் என்ற மனநிலை நோய்க்குத் தரும் லித்தியத்தை நான்கு வாரம் கொடுப்பது, பிறகு அபோமார்ஃபின் ஊசி போட்டு எத்தனை முறை விறைப்பு வருகிறது என்று எண்ணுவது. லித்தியம் குழுவில் எண்ணிக்கை குறைந்தால், "நீண்டநாள் லித்தியம் டோபமைன் வழியான பாலியல் செயல்பாட்டைக் குறைக்கிறது" என்று எழுதிவிடலாம் என்கிறார் கைடு. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. குறைந்தால் மூளையில் சேதி கடத்தும் டோபமைன்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? விலங்கு நெறிக் குழுவுக்கு விண்ணப்பம் போவதற்குள் விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

சும்மாதான்_வந்தேன்:
எலிக்கு விறைக்குதா இல்லையான்னு கூண்டு முன்னாடி உக்காந்து எண்ணணுமா? நல்ல வேலை தம்பி. கிண்டலை விடுங்க, நெசமாவே கேக்குறேன். எலிக்கு என்ன ஆனா நமக்கென்ன? மனுஷங்க கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?

எலிவளை:
கேட்டும் இருக்கிறார்கள். ஆனால் பைபோலார் உள்ளவரிடம் நோயே ஆசையைக் கூட்டும், குறைக்கும். மேனியா ஏறினால் ஆசை எகிறும், மனச்சோர்வில் அடியோடு வற்றும். லித்தியத்தோடு வேறு நாலு மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும். இதில் லித்தியத்தின் பங்கைத் தனியே பிரிப்பது பெரும்பாடு. எலிக்கு பைபோலாரும் இல்லை, கல்யாணக் கவலையும் இல்லை.

லித்தியத்தின் கதையே கூண்டில்தான் ஆரம்பித்தது. மெல்பர்னில் ஜான் கேட், யூரிக் அமிலத்தைக் கரைய வைக்க லித்தியம் உப்பைச் சேர்த்து கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். அவை சாதுவாகிப் படுத்துக் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் நோயாளிகளுக்குக் கொடுக்கத் துணிந்தார், 1949ல் கட்டுரை வந்தது. அந்தப் பன்றிகள் அமைதியாகவில்லை, லித்தியம் நஞ்சேறி வாடிக் கிடந்திருக்கும் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். தம்பி கேட்பதும் அதே கேள்விதான். விலங்கு சும்மா கிடந்தால் அது மருந்தின் குணமா, உடம்புக்கு முடியாமல் கிடக்கிறதா?

முதலில் சோதனையைப் பார்ப்போம். டோபமைன் வந்து ஒட்டும் இடம்தான் ரிசப்டர், அபோமார்ஃபின் அதை நேராகத் தூண்டும் மருந்து. மார்ஃபினிலிருந்து செய்தது என்பதால் பெயர் அப்படி, வேலையில் மார்ஃபினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரை தோலடியில் போட்டால், பெண் எலி பக்கத்தில் இல்லாமலே ஆண் எலிக்கு விறைப்பு வரும். எலி பின்னங்காலில் குந்தி, முதுகை வளைத்து, தலையைக் கீழே கொண்டுபோய் நக்கும். அந்த நேரத்தில் குறி வெளியே வரும். சாதாரணமாக மேலைச் சுத்தம் செய்துகொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்கக் கண் பழக வேண்டும். கூண்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்த்து வையுங்கள், எலி திரும்பி உட்கார்ந்தாலும் தெரியும்.

கூடவே கொட்டாவியும் வரும். அதைப் பிறகு சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

மூலக்கூறு:
இதில் இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை என்பது என் கருத்து. லித்தியம் ஜி.எஸ்.கே.-3 என்ற நொதியைத் தடுக்கிறது, இது 1996லேயே க்ளைன், மெல்டன் காட்டியது. டோபமைனின் டி2 ரிசப்டர் தூண்டப்பட்டால் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வழியாக ஏ.கே.டி. என்ற இன்னொரு நொதி அணைந்து ஜி.எஸ்.கே.-3 முடுக்கிவிடப்படும். 2004ல் டியூக் பல்கலைக்கழகத்தில் பொலியூ, கேரன் குழு, டோபமைன் மிதமிஞ்சிய சுண்டெலிகளில் லித்தியம் அந்த வழியை மறித்து அவற்றின் ஓடியாடும் ஓட்டத்தை அடக்குவதைக் காட்டியது. 2008ல் அந்தப் புரதக் கூட்டையே லித்தியம் பிரித்துவிடுகிறது என்றும் காட்டினார்கள். டோபமைன் சமிக்ஞையின் கீழ்ப்பகுதியை லித்தியம் அடைக்கிறது. ஓட்டம் குறைந்தால் விறைப்பும் குறையும். கைடு சொல்வதில் என்ன தப்பு?

எலிவளை:
நீங்கள் சொன்ன கட்டுரைகள் நல்ல கட்டுரைகள்தான். ஆனால் அவை ஓட்டத்தைப் பற்றியவை, அசைவை நடத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியைப் பற்றியவை. விறைப்பு கிளம்புகிற இடம் வேறு. அபோமார்ஃபினை மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் பாராவென்ட்ரிகுலர் உட்கரு என்ற நியூரான் திரளில் நுணுக்கமாக ஊசி வைத்தால் விறைப்பும் கொட்டாவியும் வரும் என்பது இத்தாலியின் கலியாரியில் ஆர்ஜியோலாஸ், மெலிஸ் ஆகியோர் பல வருடம் உழைத்துக் காட்டியது. அங்கே டோபமைன் தட்டினால் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, ஆக்ஸிடோசின் நியூரான்கள் விழித்து, சேதி தண்டுவடத்துக்கு இறங்கும். அந்த நியூரான்களிலும் ஜி.எஸ்.கே.-3 அதே வேலையைத்தான் செய்யும் என்று நாமாக முடிவு கட்டக்கூடாது.

இன்னொன்று, ஓட்டத்திலேயே எல்லாச் சுண்டெலியும் ஒரே மாதிரி இல்லை. ஆம்ஃபிட்டமின் என்ற ஊக்க மருந்தால் வரும் ஓட்டத்தை லித்தியம் அடக்குவது சில இனங்களில் நன்றாகத் தெரியும், சிலவற்றில் தெரியவே தெரியாது.

பழைய கட்டுரை ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். 1978ல் பெர்ட் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதியது. டோபமைன் ரிசப்டரை அடைக்கும் ஹாலோபெரிடாலை நாள்பட்டுக் கொடுத்தால் டோபமைன் ரிசப்டர்கள் கூடிப்போய், மருந்தை நிறுத்தியதும் எலி சின்னத் தூண்டலுக்கே துள்ளும். கூடவே லித்தியமும் கொடுத்து வந்தால் அந்த மிகையுணர்வு வருவதில்லை என்று காட்டினார்கள். அதாவது லித்தியம் டோபமைனை வெறுமனே "குறைக்கிறது" என்பதில்லை, ஏறி இறங்கும் வீச்சைத்தான் ஒடுக்குகிறது.

மூலக்கூறு:
வீச்சை ஒடுக்கினாலும் அபோமார்ஃபினுக்கான பதில் குறையத்தானே வேண்டும்? இரண்டு வழியாகப் போனாலும் ஒரே ஊர்தான் வருகிறது.

எலிவளை:
வராது. அபோமார்ஃபின் கொட்டாவிக்கும் விறைப்புக்கும் உள்ள டோஸ் வளைவு ஏறிவிட்டு இறங்கும். குறைந்த டோஸில் ஏறுமுகம், அதில் டி3 என்ற இன்னொரு டோபமைன் ரிசப்டருக்குப் பங்கு இருக்கிறது. டோஸ் கூடினால் டி2 முழுதாக வேலை செய்து கொட்டாவியை அமுக்கும். அப்புறம் எலி மோப்பம் பிடிப்பதும் கம்பியைக் கடிப்பதுமாகவே இருக்கும். இப்போது ஒரே ஒரு டோஸை வைத்துக்கொண்டு லித்தியம் குழுவில் எண்ணிக்கை குறைந்தது என்று வையுங்கள். வளைவு வலப்பக்கம் நகர்ந்து எலி மந்தமானதால் குறைந்ததா? இல்லை இடப்பக்கம் நகர்ந்து, எலி அதிக உணர்வோடு இறங்குமுகத்துக்குப் போனதால் குறைந்ததா? ஒரு டோஸில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முடிவோ நேர் எதிர். குறைந்தது மூன்று டோஸ் வேண்டும், நான்கு இருந்தால் உத்தமம்.

கடைசிபெஞ்ச்:
சார், இந்தக் கோணத்தில் யாருமே சொல்லவில்லை. ஒரே டோஸ்தான் போட்டிருந்தோம். கொட்டாவி விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

எலிவளை:
சொல்கிறேன். மோட்டார் ஓடியும் மாடித் தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால் மோட்டாரைப் பார்ப்பீர்களா, குழாயைப் பார்ப்பீர்களா? இங்கே மோட்டார் மூளை, குழாய் குறியின் கேவர்னோசா திசு. அந்தத் திசு தளர்ந்தால்தான் ரத்தம் நிரம்பும். தளர வைப்பது நரம்பு நுனியிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு.

தெஹ்ரானில் ஒரு குழு எலிகளுக்குக் குடிதண்ணீரில் நாள்பட லித்தியம் கொடுத்து, பிறகு அந்தத் திசுவை வெட்டியெடுத்து உறுப்புக் குளியலில், அதாவது உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குடுவையில், தொங்கவிட்டது. 2008 வாக்கில் வந்த வேலை. நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் லித்தியம் எலியின் திசு சரியாகத் தளரவில்லை. நைட்ரிக் ஆக்சைடை நேரே தரும் சோடியம் நைட்ரோப்ரூசைடு விட்டால் வழக்கம்போலத் தளர்ந்தது. தசைக்குக் கேடில்லை, நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் இடத்தில்தான் தட்டுப்பாடு என்று அர்த்தம். அந்தக் கண்ணாடிக் குடுவையில் மூளையே இல்லை. அபோமார்ஃபினும் இல்லை, ஆசையும் இல்லை. அப்படியும் லித்தியத்தின் பாதிப்பு தெரிகிறது.

இனி கொட்டாவிக்கு வருவோம். அபோமார்ஃபின் கொட்டாவியும் விறைப்பும் கிளம்புவது ஒரே உட்கருவிலிருந்து. ஆனால் கொட்டாவிக்குக் கேவர்னோசா திசு தேவையில்லை. லித்தியம் குழுவில் இரண்டும் சேர்ந்து குறைந்தால் மேலே மூளையில்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கொட்டாவி அப்படியே இருந்து விறைப்பு மட்டும் குறைந்தால், டோபமைன் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள், குழாயைப் பாருங்கள். தனியாகச் செலவு ஒன்றும் இல்லை. அதே எலி, அதே அரைமணி நேரம், தாளில் இன்னொரு பத்தி.

மாட்டுவைத்தியர்:
யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன், கால்நடை வைத்தியம். அபோமார்ஃபின் எண்ட உடனே எனக்கு ஞாபகம் வாறது நாய்தான். நஞ்சைத் திண்டுபோட்டு வாற நாயைச் சத்தியெடுக்க வைக்கிறதுக்குப் பாவிக்கிற மருந்து அது. எலியை வைச்சு விறைப்பு எண்ணலாம் எண்டதுக்கு ஒரு காரணம், எலிக்குச் சத்தியெடுக்க ஏலாது. அந்த வசதி அதின்ர உடம்பிலேயே இல்லை.

ஆனால் அதிலதான் உங்கட ஆராய்ச்சிக்கு ஒரு பொறி கிடக்கு. லித்தியம் குமட்டல் தாற சாமான். எலி சத்தியெடுக்காது, ஆனபடியால் அதுக்குக் குமட்டுது எண்டு பாக்கிற ஆளுக்கு விளங்காது. குமட்டினால் எலி களிமண் தின்னும். கூட்டுக்குள்ள கயோலின் உருண்டை வைச்சால், லித்தியம் குளோரைட் ஊசி போட்ட எலி அதைக் கொறிக்கும். நாலு கிழமையும் கயோலினை நிறுத்துப் பாருங்கோ. குமட்டலோட இருக்கிற எலியிட்ட விறைப்பை எதிர்பார்த்தால் அது நியாயமே?

எலிவளை:
ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குமட்டலால் வெறுப்பைக் கற்பிக்க ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக எடுக்கும் மருந்தே லித்தியம் குளோரைடுதான். சர்க்கரைத் தண்ணீர் குடித்தவுடன் அந்த ஊசியைப் போட்டால் எலி அப்புறம் அந்தச் சுவையைத் தொடாது. பாலியல் நடத்தையிலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஹாம்ஸ்டர் பெண்ணின் யோனிச் சுரப்பின் வாசனையை லித்தியத்தோடு இணைத்து ஆணுக்கு வெறுப்பு உண்டாக்கினார்கள். அங்கே நடந்தது படிப்பினை, ரிசப்டர் மாற்றம் இல்லை. அதனால் லித்தியத்தை ஊசியாகக் கொடுக்காதீர்கள், அதுவும் சோதனைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து வேண்டவே வேண்டாம். தீவனத்தில் லித்தியம் கார்பனேட்டாகக் கலந்து கொடுப்பதே நல்லது. மனிதனில் லித்தியத்தின் அரை ஆயுள் ஒரு நாளை ஒட்டி இருக்கும். எலியின் சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்தில் பாதியாக்கிவிடும். ஊசி என்றால் சீரம் அளவு மலையும் மடுவுமாகப் போகும், தீவனத்தில் ஓரளவு சமமாக நிற்கும்.

நடுக்கடல்:
இங்கே எல்லோரும் எலியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அந்த மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவன். அதைத் தொடங்கிய பிறகு அந்த விஷயத்தில் எனக்குச் சரியில்லை. டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை, மனைவி கூடவே உட்கார்ந்திருப்பாள். இந்த இழையைப் படித்தால் லித்தியம்தான் காரணம் என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

இரவுப்பணி:
விடாதீர்கள். மனநல மருத்துவராகச் சொல்கிறேன். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மேனியா திரும்பி வரும் அபாயம் கூடும். தற்கொலையைத் தடுப்பதில் இதற்கு ஈடான மருந்துகள் எங்களிடம் மிகக் குறைவு.

உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல இது. சண்டிகரில் நோய் கட்டுக்குள் இருந்த, லித்தியம் எடுத்துவந்த 100 பேரைக் கேட்டு 2014ல் வெளியிட்ட ஆய்வில் 37 பேருக்கு ஏதோ ஒரு பாலியல் குறை இருந்தது. அப்படிக் குறை இருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் குறைவு. இதற்கு மாறாக 1992ல் மான்ட்ரியலில் பார்த்தபோது லித்தியம் மட்டும் எடுத்தவர்களில் 14 சதவீதம்தான், கூடவே பென்ஸோடயஸெபைன் தூக்க மாத்திரை எடுத்தவர்களில் 49 சதவீதம். உங்கள் சீட்டில் வேறென்ன மருந்து இருக்கிறது என்று பார்க்காமல் லித்தியத்தின் மேல் பழி போட முடியாது. ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள் டி2வை அடைத்து ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், அது தனியாகவே ஆசையைக் குறைக்கும். லித்தியம் தைராய்டையும் மந்தமாக்கும், அதற்கு டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சர்க்கரையும் பாருங்கள்.

தெஹ்ரானிலேயே 2013ல் லித்தியம் எடுத்த 32 ஆண்களுக்கு ஆறு வாரம் தினம் 240 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். விறைப்பு மதிப்பெண் மருந்துபோலிக் குழுவைவிட நன்றாகவே ஏறியது. சின்ன ஆய்வு, அதனால் நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. நீங்களும் கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரின் இருக்கட்டும் என்று அதே கையோடு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரொஃபெனோ விழுங்கினால் லித்தியம் அளவு ஏறி நஞ்சாகும்.

டாக்டரிடம் நேரில் சொல்லக் கூச்சம் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து நீட்டுங்கள். என்னிடம் பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். தனியே பேச வேண்டும் என்றால் மனைவியை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்வது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நடுக்கடல்:
நன்றி டாக்டர். தூக்க மாத்திரை இருக்கிறது, தினமும். அடுத்த முறை சீட்டு எழுதிக்கொண்டு போகிறேன்.

சும்மாதான்_வந்தேன்:
சரி, எலி ஆராய்ச்சி எதுக்குன்னு இப்போ புரியுது. ஒரு டவுட்டு. இதெல்லாம் பெண் எலி இல்லாமலே எண்ணுறதுன்னா, அது ஆசையா வெறும் அனிச்சையா?

எலிவளை:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். அபோமார்ஃபின் விறைப்பு அனிச்சைக்கு நெருக்கம். ஆசையைப் பார்க்க வேண்டுமென்றால் பெண் எலி வேண்டும். எஸ்ட்ராடையால், ப்ரொஜெஸ்டிரோன் கொடுத்துத் தயாரான பெண். சிவப்பு விளக்கில், எலியின் ராத்திரி நேரத்தில் பார்க்க வேண்டும். ஆண் எவ்வளவு நேரம் கழித்து ஏறுகிறது, எத்தனை ஏற்றத்துக்கு ஒரு உள்நுழைவு, விந்து வெளியேறிய பின் எவ்வளவு நேரம் ஒதுங்கிக் கிடக்கிறது என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். எலைன் ஹல் குழு 1995ல் காட்டியது நினைவிருக்கட்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் இருக்கும்போதே ஆணின் மூளையில் மீடியல் ப்ரீஆப்டிக் பகுதியில் டோபமைன் ஏறும். அப்படி டோபமைன் ஏறாத ஆண்கள் பிறகு புணரவில்லை. தம்பியின் ப்ராஜெக்ட் இதைத் தொடவே இல்லை. அதனால் "பாலியல் செயல்பாடு" என்று தலைப்பில் பெரிதாகப் போடாமல் "அபோமார்ஃபின் தூண்டும் விறைப்பும் கொட்டாவியும்" என்று போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

மூலக்கூறு:
கொட்டாவி யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. இருந்தாலும் கொட்டாவியும் குறைந்தால் மூளையை எடுத்து, ஹைப்போதலாமஸில் ஜி.எஸ்.கே.-3 மேல் பாஸ்பேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பேன். வெறும் எண்ணிக்கையோடு நிறுத்துவது அரைகுறை வேலை.

எலிவளை:
எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டில் அதைப் பார்க்கும் வெஸ்டர்ன் ப்ளாட் சோதனை வரை போகக் காசு இருந்தால் தாராளமாகச் செய்யட்டும்.

கடைசிபெஞ்ச்:
காசு இல்லை சார். கைடிடம் பேசினேன், கொட்டாவிக்கும் மூன்று டோஸுக்கும் சம்மதித்துவிட்டார். ஆனால் எலி எண்ணிக்கை கூடுகிறதே, நெறிக் குழு ஒத்துக்கொள்ளுமா என்கிறார். இன்னொன்று, பார்ப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது என்று எழுதச் சொல்கிறார்கள்.

எலிவளை:
எண்ணிக்கை கூட வேண்டாம். ஒவ்வொரு எலிக்கும் எல்லா டோஸையும் சில நாள் இடைவெளி விட்டு, வரிசையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சலைன் ஊசியும் அந்த வரிசையில் ஒன்றாக இருக்கட்டும்.

பார்ப்பவர் விஷயம் நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டம். லித்தியம் சிறுநீரகத்தில் தண்ணீரைத் திரும்ப இழுக்கும் வேலையைக் கெடுத்துவிடும். எலி குடித்துக்கொண்டே இருக்கும், பெய்துகொண்டே இருக்கும். இரண்டாவது வாரம் காலையில் கூண்டைத் திறந்தால் உமி சொதசொதவென்று நனைந்து, அடித்தட்டில் தண்ணீர் நிற்கும். பக்கத்துக் கூண்டு காய்ந்து கிடக்கும். எது லித்தியம் என்று அனிமல் ஹவுஸைக் கூட்டுகிற அம்மாவே சொல்லிவிடுவார். அதனால் வேறொருவர் எலியைச் சுத்தமான கூண்டுக்கு மாற்றி உங்களிடம் தரட்டும், வீடியோ எடுத்து அதைப் பார்த்து எண்ணுங்கள். தினமும் உமி மாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றும் மாட்டுங்கள். உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு ஏறும், எலி வாடும், கேட் பார்த்த கினிப்பன்றியைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். கன்ட்ரோல் குழுவுக்கும் அதே இரண்டு பாட்டில் வேண்டும். எடை வாரம் இரு முறை.

மாட்டுவைத்தியர்:
கயோலினை மறந்துபோடாதேங்கோ.

கடைசிபெஞ்ச்:
மறக்கவில்லை ஐயா. சீரம் லித்தியம் எத்தனை இருக்க வேண்டும்? கடைசி நாள் இதயத்திலிருந்து ரத்தம் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

இரவுப்பணி:
நோயாளிகளுக்கு நாங்கள் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்போம். நீங்களும் அந்த வரம்பில் நின்றால்தான் "சிகிச்சை அளவு" என்று எழுத முடியும். 1.5ஐத் தாண்டினால் நீங்கள் பார்ப்பது நஞ்சின் விளைவு. ரத்தத்தைப் பச்சை மூடி டியூபில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கப் பெரும்பாலும் போட்டிருப்பது லித்தியம் ஹெப்பாரின். லித்தியமே வாங்காத கன்ட்ரோல் எலிக்கும் ரிப்போர்ட்டில் லித்தியம் வரும். வார்டில் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள் வருடா வருடம் செய்கிற வேலை இது. சிவப்பு மூடியில் எடுத்து உறையவிட்டு சீரம் பிரியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
எங்கள் லேபில் இருப்பது மொத்தமும் பச்சை மூடிதான் டாக்டர். இன்றைக்கே ஸ்டோர்ஸுக்கு இண்டென்ட் போடுகிறேன்.